403 வந்தது, எஸ்இலினக்ஸை நிறுத்தியதும் தளம் திறந்துவிட்டது: இப்படியே விடலாமா?

வளவு | சனி, காலை 7.40

வணக்கம். கானாடுகாத்தானிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பங்காளி வீடுகளில் பெட்டகங்களுக்குள் கிடந்த பர்மா, மலாயாக் காலத்துக் கடிதங்கள், பேரேடுகள், கல்யாண அழைப்பிதழ்கள், இசைகுடிமானங்கள் (திருமண ஒப்பந்த ஏடுகள்) ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஒரு தளத்தில் சேர்த்துவருகிறோம். மூன்று ஆண்டுகளாக உபுண்டு சர்வரில் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடியது. இப்போது அல்மாலினக்ஸ் 9 உள்ள புதிய சர்வருக்கு மாறியிருக்கிறேன். வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், தளத்தின் நிரல்மொழி பிஎச்பி, தரவுத்தளம் மரியாடிபி.

பழைய சர்வரிலிருந்து எல்லாவற்றையும் முதலில் என் ஹோம் கோப்புறைக்குக் கொண்டுவந்து, பிறகு எம்வி கட்டளையால் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ கோப்புறைக்கு நகர்த்தினேன். உலாவியில் திறந்தால் 403, அதாவது அனுமதி இல்லை என்ற பிழை. பிழைப் பதிவில் அனுமதி மறுப்பு, எண் 13. உரிமையாளரை மாற்றினேன், எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மாட் 777 கூடக் கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை. இரவு ஒரு மணிக்கு எங்கேயோ படித்து செட்என்ஃபோர்ஸ் 0 கொடுத்தேன். அடுத்த நொடி தளம் திறந்துவிட்டது.

திறந்ததில் நிம்மதி வரவில்லை. நான் எதை நிறுத்தினேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செக்காலை ரோடு | சனி, காலை 8.15

காரைக்குடியில் சிறு கடைகள், தங்கும் விடுதிகள், பலகாரக் கடைகள் ஆகியவற்றுக்குத் தளம் அமைத்துத் தருகிறேன். புதிய சர்வர் வாங்கியதும் நான் செய்யும் முதல் வேலையே எஸ்இலினக்ஸை நிறுத்துவதுதான். ஃபயர்வால் இருக்கிறது, நல்ல கடவுச்சொல் இருக்கிறது, மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தால் போதும். இத்தனை ஆண்டுகளில் என் வாடிக்கையாளர் யாருக்கும் குறை வந்ததில்லை. உங்கள் நேரத்தை ஸ்கேன் வேலைக்குச் செலவிடுங்கள்.

பெட்டியடி | சனி, காலை 9.05

தம்பி வளவு, முதலில் செட்என்ஃபோர்ஸ் 1 கொடுத்து அதை மறுபடி இயக்குங்கள். தளம் மூடிக்கொண்டால் அரை மணி நேரம் மூடியிருக்கட்டும். அந்த 777-ஐயும் திரும்ப எடுங்கள். கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 போதும். 777-ஆல் கோளாறு தீரவில்லை, சர்வரில் உள்ள எல்லா நிரலுக்கும் எழுதும் உரிமை மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நடந்தது இதுதான். லினக்ஸில் அனுமதி இரண்டு அடுக்கு. நாம் சிஎச்மாட் கொண்டு மாற்றுவது முதல் அடுக்கு. கோப்பின் உரிமையாளர் தன் விருப்பப்படி யாருக்கும் திறந்துவிடலாம். எஸ்இலினக்ஸ் இரண்டாம் அடுக்கு. அதைக் கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்கிறோம். உரிமையாளரே விரும்பினாலும், ரூட்டாகவே ஓடினாலும், கொள்கையில் இடம் இல்லாத செயல் நடக்காது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள், ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு லேபிள். இந்த லேபிள் உள்ள நிரல் அந்த லேபிள் உள்ள கோப்பை வாசிக்கலாமா, எழுதலாமா என்று இயங்குதளத்தின் மையமான கர்னல் ஒவ்வொரு முறையும் பார்க்கிறது.

என்ஜின்எக்ஸும், பிஎச்பி கோப்புகளை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் எச்டிடிபிடி_டி என்ற லேபிளில் ஓடுகின்றன. அவை வாசிப்பதற்கான தளக் கோப்புகளின் லேபிள் எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி. உங்கள் கோப்புகள் ஹோம் கோப்புறையில் பிறந்தவை, ஆகவே யூசர்_ஹோம்_டி. எம்வி கட்டளை கோப்பை நகர்த்தும்போது பழைய லேபிளையும் கூடவே தூக்கிக்கொண்டு வரும். சிபி கட்டளையால் நகலெடுத்திருந்தால் புதிய கோப்பு அந்த இடத்தின் லேபிளைப் பெற்றிருக்கும், இந்தச் சிக்கலே வந்திருக்காது. எல்எஸ் கட்டளையில் பெரிய இசட் சேர்த்துப் பாருங்கள், கண்ணால் காண்பீர்கள்.

தீர்வு ஒரே வரி. ரெஸ்டோர்கான் கட்டளையைப் பெரிய ஆர், சிறிய வி தெரிவுகளோடு /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ மீது ஓட்டுங்கள். அந்த இடத்துக்குக் கொள்கை என்ன லேபிளை விதித்திருக்கிறதோ அதை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடும்.

செக்காலை தம்பி சொன்னதற்குப் பிறகு வருகிறேன். அவர் சிரமத்தை நான் அறிவேன்.

வளவு | சனி, காலை 9.50

அண்ணே, திறந்துவிட்டது! எஸ்இலினக்ஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே முகப்புப் பக்கம் வருகிறது. ஆனால் படங்கள் ஒன்றுகூட வரவில்லை. அவை தனி வட்டில் இருக்கின்றன. வட்டை /பேரேடு என்ற பெயரில் இணைத்திருக்கிறேன். எக்ஸ்எஃப்எஸ் வடிவம். அதன் மீதும் ரெஸ்டோர்கான் ஓட்டினேன், டிஃபால்ட்_டி என்று மாறியதே தவிர வேலை ஆகவில்லை.

பெட்டியடி | சனி, காலை 10.20

அது சரியான நடத்தைதான். /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ என்பது கொள்கைக்குத் தெரிந்த இடம். /பேரேடு நீங்களாக வைத்த பெயர், அங்கே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியாத இடத்துக்கு டிஃபால்ட்_டி என்று ஒட்டும், அதை வெப் சர்வரால் வாசிக்க முடியாது. நாம்தான் சொல்லிவைக்க வேண்டும்.

சொல்லும் கருவி செமேனேஜ். அது இல்லையென்றால் பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைத்தான்-யூட்டில்ஸ் என்ற தொகுப்பை நிறுவுங்கள். செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் என்று தொடங்கி, சேர்ப்பதற்குச் சிறிய ஏ, வகைக்குச் சிறிய டி, பிறகு எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி, கடைசியில் மேற்கோள் குறிக்குள் பாதை. பாதையின் வாலில் (/.*)? என்று சேர்க்க வேண்டும். அந்த வால் இல்லையென்றால் கோப்புறைக்கு மட்டும் விதி பொருந்தும், உள்ளே இருப்பவை விடுபடும். மேற்கோள் குறியை விட்டால் ஷெல் அந்தக் குறிகளைத் தானே விழுங்கப் பார்க்கும். இதன் பிறகு ரெஸ்டோர்கான் ஓட்டினால்தான் விதி கோப்புகளில் இறங்கும். செமேனேஜ் விதியை எழுதிவைக்கிறது, அவ்வளவே.

சிலர் சிஎச்கான் கட்டளையால் நேராக லேபிளை மாற்றச் சொல்வார்கள். அதுவும் அந்தக் கணம் வேலை செய்யும். ஆனால் அடுத்த முறை யாராவது ரெஸ்டோர்கான் ஓட்டினாலோ, முழு மறுலேபிளிடல் நடந்தாலோ பழையபடி ஆகிவிடும். ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் தளம் விழுந்து, ஏன் என்று தெரியாமல் நிற்பீர்கள். சோதித்துப் பார்க்க மட்டும் சிஎச்கான்.

இந்தக் கட்டளைகளை அடிக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். /பேரேடு வட்டில் இருக்கிற எல்லாமே ஊர் பார்க்கத் தகுந்தவைதானா?

பள்ளத்தூர் ஆச்சி | சனி, காலை 11.30

நான் இந்தத் துறை அறியாதவள். தம்பி வளவு ஸ்கேன் செய்கிற காகிதங்களில் பாதி எங்கள் வீட்டுப் பெட்டகத்திலிருந்து போனவை. ஓய்வுபெற்ற ஆசிரியை. பெட்டியடி கேட்ட கடைசிக் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பேரேடுகளில் யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள், யார் திருப்பவில்லை என்று பெயரோடு இருக்கிறது. இசைகுடிமானங்களில் இரண்டு வீட்டார் பெயரும், கோயிலும், பிரிவும் இருக்கின்றன. கடிதங்களில் ரங்கூனிலிருந்து ஒருவர் தன் வீட்டாருக்கு எழுதிய துயரங்கள் இருக்கின்றன. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் கண்முன் நடமாடுகிறார்கள். எதை வெளியிடலாம், எதை ஆய்வாளர் நேரில் கேட்டால் மட்டும் காட்டலாம் என்று நாங்கள் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்திருக்கிறோம். தம்பி, அந்தப் பிரிவினை கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கிறதா? யாராவது களவாகத் தளத்துக்குள் நுழைந்தால், வெளியிடாத காகிதங்களையும் படிக்க முடியுமா?

வளவு | சனி, நண்பகல் 12.10

ஆச்சி, உண்மையைச் சொல்கிறேன். பிரிவினை கோப்புறைப் பெயரில் மட்டும் இருக்கிறது. பொது, உள் என்று இரண்டு கோப்புறை. இரண்டும் ஒரே வட்டில். வெப் சர்வர் நினைத்தால் இரண்டையும் வாசிக்கலாம். நேற்று இரவு 777 கொடுத்தபோது உள் கோப்புறைக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன். மன்னியுங்கள். இதைச் சரிசெய்யாமல் இன்று எழப்போவதில்லை.

பெட்டியடி | சனி, பிற்பகல் 1.00

ஆச்சி கேட்டதுதான் இந்த இழையின் கேள்வி. 403 அதற்கு வாசல் திறந்துவிட்டது.

ஆச்சி, உங்களுக்குத் தெரிந்த வழக்கத்திலிருந்தே சொல்கிறேன். வீட்டு நடு முற்றமான வளவைச் சுற்றி அறைகள், புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஒன்று. அறைச் சாவி அந்தந்தப் புள்ளியிடம். தன் அறையை யாருக்குத் திறப்பது என்பது அவர் விருப்பம். சிஎச்மாட் அந்தச் சாவி. முன்னோருக்குப் படையல் இடும் படைப்பு வீட்டுப் பேழை அப்படி இல்லை. எங்கள் பங்காளிகளில், பேழை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரே நினைத்தாலும் படைப்பு நாளுக்கு வெளியே, பங்காளிகள் கூடாமல் திறக்க முடியாது. சாவி அவர் இடுப்பில் இருக்கும், உரிமை இருக்காது. எஸ்இலினக்ஸ் அந்த வகை.

தம்பி, மூன்று இடமாகப் பிரியுங்கள்.

/பேரேடு/பொது: எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி. வெப் சர்வர் வாசிக்கும், எழுதாது.

/பேரேடு/வரவு: பங்காளிகள் படம் ஏற்றும் இடம். எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி. வாசிக்கும், எழுதும்.

/பேரேடு/உள்: எந்த வெப் லேபிளும் வேண்டாம். டிஃபால்ட்_டி என்றே இருக்கட்டும். வெப் சர்வருக்குள் புகுந்தவன் எச்டிடிபிடி_டி என்ற லேபிளோடுதான் நடமாடுவான். அனுமதி எண்கள் எப்படி இருந்தாலும் அந்தக் கோப்புறையைத் திறக்கும் முயற்சி கர்னலிலேயே மறுக்கப்படும், மறுக்கப்பட்டது பதிவிலும் ஏறும்.

விதி எழுதியபின் மேட்ச்பாத்கான் கட்டளையால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோப்பைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பாதைக்கு என்ன லேபிள் விதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும். பிறகுதான் ரெஸ்டோர்கான். அதை முதலில் சிறிய ‘என்’ (n) எழுத்துத் தெரிவோடு ஓட்டினால் எதையும் மாற்றாமல் மாறப்போவதை மட்டும் காட்டும். மேலே இருக்கிற /பேரேடு கோப்புறைக்கு மட்டும், வாலில்லாமல், தனியாக வாசிப்பு லேபிள் கொடுங்கள். அதைக் கடந்துதான் பொது கோப்புறைக்குப் போக முடியும்.

கண்டனூர் | சனி, பிற்பகல் 2.45

செக்காலை அண்ணனுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பழைய வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் தங்கும் இடமாக்கி, முன்பதிவுக்கு வேர்ட்பிரஸ் தளம் வைத்தோம். அமைத்துத் தந்தவர்கள் எஸ்இலினக்ஸை நிறுத்திக் கொடுத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விருந்தினர் அடையாள அட்டைப் படத்தை ஏற்றும் படிவத்தில் ஓட்டை இருந்தது. அதன் வழியாகப் படத்துக்குப் பதில் ஒரு பிஎச்பி கோப்பை ஏற்றிவிட்டார்கள். அது தளத்தின் நிரல் கோப்புறைகளுக்குள் தன்னை எழுதிக்கொண்டது. எங்கள் முகவரியிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பை மின்னஞ்சல் போனது. தளத்தைத் துடைத்துப் புதிதாக நிறுவினோம், நான்கு நாளில் மறுபடி வந்துவிட்டது. எங்கேயோ ஒரு கோப்பு மிஞ்சியிருந்திருக்கிறது.

அதைவிட என்னை வதைத்தது ஒன்று. விருந்தினர்களின் பாஸ்போர்ட் நகல்கள் அதே சர்வரில் இருந்தன. எங்களை நம்பித் தந்தவை. ஒவ்வொருவருக்கும் நானே கடிதம் எழுதினேன். குறை வந்ததில்லை என்று நானும் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவன்தான், அண்ணே.

செக்காலை ரோடு | சனி, மாலை 4.10

கண்டனூர், படித்ததும் மனம் கனத்துவிட்டது. என் வாடிக்கையாளர்களின் சர்வர்களிலும் அடையாள அட்டைகள் இருக்கின்றன.

ஆனால் என் தரப்பு சோம்பேறித்தனம் இல்லை. என் வாடிக்கையாளர்கள் நிர்வாகத் திரையிலிருந்து ஒரு பொத்தானைத் தட்டி வேர்ட்பிரஸையும் அதன் துணை நிரல்களையும் புதுப்பிக்கிறார்கள். நிரல் கோப்புறைகளுக்கு வாசிப்பு லேபிள் மட்டும் கொடுத்தால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. புதுப்பிக்காத தளம் இன்னும் பெரிய ஆபத்து இல்லையா? எழுத்து லேபிள் கொடுத்தால் கண்டனூருக்கு நடந்தது எனக்கும் நடக்கும். இதற்கு என்ன செய்வது?

பெட்டியடி | சனி, மாலை 5.30

நியாயமான கேள்வி. இதற்கு வலிக்காத பதில் கிடையாது. நிரல் கோப்புறைக்கு வாசிப்பு லேபிள், படங்கள் ஏறும் கோப்புறைக்கு மட்டும் எழுத்து லேபிள், புதுப்பிப்பதை வெப் சர்வர் வழியாக இல்லாமல் கட்டளை வரியிலிருந்து. வேர்ட்பிரஸுக்கு டபிள்யூபி-சிஎல்ஐ இருக்கிறது, அதை நேரம் குறித்து தானாக ஓடவிடலாம். அது எச்டிடிபிடி_டி லேபிளில் ஓடாததால் தடை இல்லை. பொத்தான் போய்விடும், புதுப்பித்தல் போகாது. வாடிக்கையாளர்களிடம் ஒரு முறை பேசித்தான் ஆக வேண்டும், அந்தப் பொறுப்பு உங்கள் மேல் விழுகிறது.

கண்டனூர் சொன்ன நிகழ்வில் எஸ்இலினக்ஸ் இருந்திருந்தால் எது நின்றிருக்கும், எது நின்றிருக்காது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். மிகைப்படுத்தினால் நம்பிக்கை வராது.

நிரல் கோப்புறைகளுக்குள் தன்னை எழுதிக்கொள்வது நின்றிருக்கும். மின்னஞ்சல் நின்றிருக்கும், ஏனென்றால் எச்டிடிபிடி_கேன்_சென்ட்மெயில் என்ற பூலியன் (கொள்கையில் உள்ள இயக்கி அணைக்கும் பொத்தான்) இயல்பில் அணைந்திருக்கும். அங்கிருந்து வெளி சர்வர்களோடு தொடர்புகொள்வதும் நின்றிருக்கும், எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் என்பதும் இயல்பில் அணைந்ததே. பாஸ்போர்ட் நகல்கள் வெப் லேபிள் இல்லாத இடத்தில் இருந்திருந்தால் அவையும் தப்பியிருக்கும்.

நின்றிருக்காதது: ஏற்றப்பட்ட பிஎச்பி கோப்பு ஓடுவது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பிஎச்பி கோப்பு தானாக ஓடும் நிரல் அல்ல, பிஎச்பி-எஃப்பிஎம் அதை வாசித்து ஓட்டுகிறது. எழுத்து லேபிள் உள்ள கோப்பை வாசிக்கவும் அனுமதி உண்டு, ஆகவே ஓட்டும். ஏற்றும் கோப்புறைக்குள் பிஎச்பி ஓடக்கூடாது என்று என்ஜின்எக்ஸ் அமைப்பிலேயே தடுக்க வேண்டும். அந்த இடத்துக்கு வரும் கோரிக்கை எதையும் பிஎச்பி-எஃப்பிஎம்முக்கு அனுப்பாத ஒரு லொகேஷன் பகுதி போதும். ஓட்டையுள்ள படிவத்தையும் அடைத்தாக வேண்டும். ஒன்றுக்கு ஒன்று துணை, மாற்று இல்லை.

கோட்டையூர் | சனி, இரவு 8.20

இடையில் ஒரு சந்தேகம். எஸ்இலினக்ஸ் அமெரிக்க உளவு அமைப்பு செய்தது என்று படித்தேன். அதை நம்பி நம் ஆவணங்களை வைக்கலாமா?

பெட்டியடி | சனி, இரவு 8.50

அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000 டிசம்பரில் மூலநிரலோடு வெளியிட்டது உண்மை. 2003-இல் லினக்ஸ் கர்னலின் 2.6 வரிசையில் சேர்ந்தது. அதிலிருந்து இன்றுவரை திறந்த மூலநிரலாக உலகெங்கும் உள்ளவர்கள் வாசித்தும் திருத்தியும் வருகிறார்கள். உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதிலும் இதுதான் ஓடுகிறது, 2014-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து முழுக் கட்டாய நிலையில். போனில் யாரும் அதை நிறுத்துவதில்லை.

வளவு தம்பிக்கு உபுண்டுவில் ஏன் தொல்லை வரவில்லை என்பதும் இங்கேயே முடியட்டும். அங்கே இயல்பாக இருப்பது ஆப்ஆர்மர். அது லேபிளை அல்ல, கோப்பின் பாதையைப் பார்க்கும், விவரக்கோப்பு எழுதப்பட்ட நிரல்களை மட்டும் கட்டுப்படுத்தும். என்ஜின்எக்ஸுக்கு நீங்களாக விவரக்கோப்பு எழுதவில்லையென்றால் அங்கே கட்டுப்பாடே இல்லை. மூன்று ஆண்டுகள் காவல் இல்லாமல் இருந்திருக்கிறீர்கள்.

வளவு | ஞாயிறு, காலை 6.50

இரவு முழுவதும் வேலை செய்தேன். பொதுப் படங்கள் வருகின்றன. உள் கோப்புறையைச் சோதிக்க ஒரு சிறு பிஎச்பி பக்கம் எழுதி அங்கிருந்து ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னேன். மறுத்துவிட்டது. பார்த்ததும் கண் கலங்கியது.

இரண்டு சிக்கல் மிச்சம். ஒன்று, பங்காளிகள் படம் ஏற்றினால் பிழை. தணிக்கைப் பதிவில் மறுப்பு இருந்தது. அதை ஆடிட்2அலவ் கருவிக்குக் கொடுத்தேன், அது ஒரு கொள்கைத் தொகுதியைச் செய்து தந்தது, நிறுவினேன். இப்போது ஏறுகிறது. இது சரியா?

இரண்டு, பெரிய பேரேட்டுப் பக்கங்களைத் துண்டுதுண்டாகக் காட்டும் பட சர்வர் அதே கணினியில் 8182 என்ற போர்ட்டில் ஓடுகிறது. என்ஜின்எக்ஸ் வழியாக அதைக் கேட்டால் 502, பின்னால் உள்ள சர்வரை எட்ட முடியவில்லை என்ற பிழை.

பெட்டியடி | ஞாயிறு, காலை 8.30

அந்த மறுப்பு வரியை அப்படியே இங்கே எழுதுங்கள், தம்பி. அதைப் பார்க்காமல் சரியா என்று சொல்ல முடியாது. ஏயுசெர்ச் கட்டளையில் சிறிய ‘எம்’ (m) தெரிவுக்கு ஏவிசி என்று கொடுத்தால் கிடைக்கும்.

வளவு | ஞாயிறு, காலை 8.55

முக்கியமான பகுதிகள்: மறுக்கப்பட்ட செயல் எழுதுதல். நிரலின் பெயர் பிஎச்பி-எஃப்பிஎம். எஸ்கான்டெக்ஸ்ட்டில் எச்டிடிபிடி_டி. டிகான்டெக்ஸ்ட்டில் யூசர்_ஹோம்_டி. டிகிளாஸ் என்பதில் கோப்புறை. பெயர் வரவு.

பெட்டியடி | ஞாயிறு, காலை 9.40

அந்தத் தொகுதியை உடனே நீக்குங்கள். செமாட்யூல் கட்டளையில் சிறிய ஆர் தெரிவும் தொகுதியின் பெயரும்.

அந்த வரியை இப்படி வாசிக்க வேண்டும். எஸ்கான்டெக்ஸ்ட் கேட்டவர், டிகான்டெக்ஸ்ட் கேட்கப்பட்ட பொருள். கேட்டவர் வெப் சர்வர், சரி. பொருளின் லேபிள் யூசர்_ஹோம்_டி. வரவு கோப்புறை ஏன் ஹோம் லேபிளில் இருக்கிறது? நீங்கள் விதி எழுதியபின் அதை ஹோமிலிருந்து எம்வியால் கொண்டுவந்திருப்பீர்கள். தவறு லேபிளில். ஆடிட்2அலவ் அதை அறியாது. மறுக்கப்பட்டதை அனுமதிக்கும் விதியை எழுதுவதே அதன் வேலை. வெப் சர்வர் யூசர்_ஹோம்_டி லேபிள் உள்ள கோப்புறைகளில் எழுதலாம் என்று இப்போது சர்வர் முழுவதற்கும் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். ஒரு கோப்புறைக்காக எல்லாருடைய ஹோமும் திறந்துவிட்டது.

மறுப்பைக் கண்டால் நான் போகும் வரிசை: முதலில் லேபிள் சரியா? அடுத்து, இதற்கென்று ஏற்கெனவே ஒரு பூலியன் இருக்கிறதா? மூன்றாவது, போர்ட்டா? இந்த மூன்றுமே இல்லையென்றால்தான் புதிய விதி. அப்போதும் ஆடிட்2அலவ் எழுதித் தருவதை வாசித்துப் பார்க்காமல் நிறுவ மாட்டேன். ஆடிட்2வொய் என்ற துணைக் கருவி காரணத்தைச் சொல்லும், பல நேரங்களில் பூலியன் பெயரையே கொடுத்துவிடும். தளம் உடைந்தும் பதிவில் மறுப்பே காணவில்லையென்றால், சில மறுப்புகள் பதிவாகாதபடி கொள்கையில் அடக்கிவைக்கப்பட்டிருக்கும். செமாட்யூல் கட்டளையைப் பெரிய டிபி தெரிவுகளோடு ஓட்டினால் அவையும் தெரியும். பார்த்தபின் பெரிய பி மட்டும் கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

502-க்கு வருகிறேன். இணையத்தில் எல்லாரும் எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் பூலியனை இயக்கச் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் கண்டனூருக்கு உதவியிருக்கும் என்று நேற்று சொன்ன அதே கதவை அது திறந்துவிடுகிறது, உள்ளே புகுந்தவன் எந்த முகவரிக்கும் எந்தப் போர்ட்டுக்கும் போகலாம். உங்களுக்குத் தேவை ஒரே ஒரு போர்ட். செமேனேஜ் போர்ட் கட்டளையால் டிசிபி 8182-க்கு எச்டிடிபி_போர்ட்_டி என்ற வகையைச் சேர்த்து, எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_ரிலே பூலியனை மட்டும் இயக்குங்கள். அது வெப் வகைப் போர்ட்டுகளையும் இன்னும் சிலவற்றையும் மட்டும் எட்டும். செட்செபூல் கட்டளையில் பெரிய பி சேர்க்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் சர்வரை மறுதொடக்கம் செய்ததும் அமைப்பு போய்விடும்.

கோட்டையூர் | ஞாயிறு, காலை 10.15

எங்கள் படங்கள் எக்ஸ்ஃபேட் வடிவ வெளி வட்டில் இருக்கின்றன. அதற்கும் இதே வழியா?

கண்டனூர் | ஞாயிறு, காலை 10.40

அந்த வடிவத்தில் லேபிளைச் சேமிக்க இடமே இல்லை. வட்டை இணைக்கும்போது கான்டெக்ஸ்ட் என்ற தெரிவில் லேபிளைக் கொடுத்தால் வட்டு முழுவதும் அந்த ஒரே லேபிளாகத் தெரியும். பொது, உள் என்று பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமென்றால் எக்ஸ்எஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4 வடிவத்துக்கு மாற்றுங்கள்.

செக்காலை ரோடு | ஞாயிறு, மாலை 6.05

பெட்டியடி அண்ணே, ஒரு சர்வரில் தொடங்கிப் பார்க்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்த இயந்திரம். அப்படியே இயக்கினால் என்ன ஆகும்?

பெட்டியடி | ஞாயிறு, இரவு 7.30

அப்படியே இயக்காதீர்கள். நிறுத்தியிருந்த காலத்தில் பிறந்த கோப்புகளுக்கு லேபிளே இருக்காது, கணினி எழும்போதே தடுமாறலாம். அமைப்புக் கோப்பில் முதலில் பெர்மிசிவ் நிலை. அந்த நிலையில் எதையும் தடுக்காது, தடுத்திருக்க வேண்டியதைப் பதிவில் மட்டும் எழுதும். பிறகு ஃபிக்ஸ்ஃபைல்ஸ் கட்டளையைப் பெரிய எஃப் தெரிவோடும் ஆன்பூட் என்ற சொல்லோடும் கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள், எல்லாக் கோப்புக்கும் லேபிள் ஒட்டப்படும். கோப்புகள் அதிகமென்றால் நேரம் எடுக்கும், இடையில் நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று வாரம் பதிவைப் பாருங்கள். முன்பதிவு, படம் ஏற்றுதல், மாதக் கணக்கு அனுப்புதல் என்று எல்லா வேலையும் ஒரு சுற்று வரட்டும். மறுப்புகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தபின் கட்டாய நிலைக்கு மாற்றுங்கள்.

அதன் பின்னும் வெப் சர்வர் மட்டும் தொல்லை கொடுத்தால் முழுவதையும் நிறுத்தாமல் செமேனேஜ் பெர்மிசிவ் கட்டளையில் எச்டிடிபிடி_டி ஒன்றை மட்டும் தளர்த்தலாம். மற்ற நிரல்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்கும்.

ஒன்று கவனியுங்கள். அல்மாலினக்ஸின் 9-ஆம் பதிப்பு வரிசையில் அமைப்புக் கோப்பில் டிஸேபிள்ட் என்று எழுதினாலும் எஸ்இலினக்ஸ் முழுமையாக அணையாது, கொள்கை ஏற்றப்படாமல் நிற்கும். முழுமையாக அணைக்கக் கர்னல் அளவுருவே வேண்டும். உங்கள் சர்வர்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கெட்என்ஃபோர்ஸ் கட்டளையால் முதலில் பாருங்கள்.

வளவு | திங்கள், காலை 7.15

தொகுதியை நீக்கினேன். வரவு கோப்புறைக்கு ரெஸ்டோர்கான் ஓட்டினேன், படம் ஏறுகிறது. போர்ட் வகையைச் சேர்த்தேன், ரிலே பூலியனை இயக்கினேன், பேரேட்டுப் பக்கங்கள் பெரிதாகித் தெரிகின்றன. வரவு கோப்புறைக்குள் ஒரு பிஎச்பி கோப்பை நானே ஏற்றிச் சோதித்தேன், ஓடவில்லை.

தேடியபோது இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். பழைய சர்வரிலிருந்து எடுத்த தரவுத்தள நகல் ஒன்று, சுருக்கிய கோப்பாக, /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ கோப்புறைக்குள்ளேயே கிடந்தது. சனிக்கிழமை ரெஸ்டோர்கான் ஓட்டியபோது அதற்கும் வெப் லேபிள் ஒட்டியிருக்கிறது. பெயரை ஊகித்தவர் யாரும் இறக்கியிருக்கலாம். என்ஜின்எக்ஸின் பழைய பதிவுகளைத் தேடினேன், இந்தப் புதிய சர்வரில் அதை யாரும் கேட்கவில்லை. அழித்துவிட்டேன், தரவுத்தளக் கடவுச்சொற்களையும் மாற்றிவிட்டேன்.

பெட்டியடி | திங்கள், காலை 8.00

நல்ல வேலை. அந்த இடத்தில் எஸ்இலினக்ஸ் உதவாது. தளக் கோப்புறைக்குள் நாம் கொண்டுபோய் வைத்ததைத் தளக் கோப்பு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். நகல்கள் எடுக்கும் நிரலையும் பார்த்துவிடுங்கள், உள் கோப்புறையின் நகல் எங்கே போகிறது, அங்கே என்ன லேபிள் என்று.

பள்ளத்தூர் ஆச்சி | திங்கள், காலை 10.20

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கட்டளைகள் புரியவில்லை, பேழை புரிந்தது. செக்காலை தம்பி மனம் மாறியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

தம்பி வளவு, எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அறையில் இன்னும் ஒரு பெட்டகம் திறக்காமல் இருக்கிறது. ரங்கூன் கடிதங்கள். உனக்குக் கொடுக்கலாமா என்று ஆறு மாதமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை வா. எந்தக் கடிதம் பொது, எந்தக் கடிதம் உள் என்று நானே ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் எழுதித் தருகிறேன். மதியச் சாப்பாடு இங்கேதான்.

வளவு | திங்கள், காலை 10.35

வருகிறேன், ஆச்சி. உள் என்று நீங்கள் எழுதுபவை ஸ்கேனரிலிருந்து நேராக உள் கோப்புறைக்கே போகும்படி வியாழக்கிழமைக்குள் அமைத்துவிடுகிறேன். என் ஹோம் கோப்புறை வழியாக இனி எதுவும் போகாது.